பச்சை விளக்கை நம்பாதீர்கள்: பழைய பிளேடு என்குளோஷர் வாங்குபவர்கள் கவனத்துக்கு

போன வருடம் பழைய சர்வர் விற்கும் ஒரு டீலரிடம் எச்பி சி7000 என்குளோஷர் ஒன்றை, அதாவது பல சர்வர்களைச் செருகி ஓட்டும் பெட்டியை, 16 ஜென்8 பிளேடுகளோடு (அதில் செருகும் மெல்லிய சர்வர்கள்) வாங்கினோம். டீலரின் பெயரைச் சொல்லப் போவதில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன். நிறுவுவது, ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட், ஒரு வருடப் பராமரிப்பு எல்லாம் சேர்த்துத்தான் பேசினோம். பெட்டிக்கு வரும் இரண்டு மின் ஃபீடில் (மின் இணைப்பில்) ஒன்று போனாலும் சர்வர்கள் ஓட வேண்டும் என்பதை கொட்டேஷனிலேயே எழுதி வாங்கியிருந்தேன்.

அவர்கள் ஆள் வந்து ஒரே நாளில் வேலையை முடித்தார். ஆறு பவர் சப்ளையிலும் பச்சை, முன்பக்கச் சின்னத் திரையிலும் பச்சை. பின்னால் போய் கேபிள்களையும் பார்த்தேன். 1 முதல் 3 வரை ஏ ஃபீடில், 4 முதல் 6 வரை பி ஃபீடில், சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து, யுபிஎஸ் பேட்டரி மாற்றுவதற்காக ஒரு ராத்திரி ஏ ஃபீடை நிறுத்தினோம். இரவில் மொத்தமாக ஓடும் பேட்ச் வேலைகள் உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்த நேரம். மிச்சமிருந்த மூன்று சப்ளையும் சில நொடிகளில் கைவிட்டன. பத்து ஃபேன்களின் இரைச்சல் அப்படியே இறங்கி அடங்கியது. 16 பிளேடும் போச்சு. இரண்டு டேட்டாபேஸை மீட்டு எடுக்க மறுநாள் மதியம் ஆகிவிட்டது.

காரணத்தைத் தேடியபோதுதான் வயிறு எரிந்தது. எங்கள் சப்ளை ஒவ்வொன்றும் 2400 வாட். ஒரு ஃபீடு போனால் மூன்று மிஞ்சும், அதாவது 7200 வாட். என்குளோஷர் முழுவதையும் கட்டுப்படுத்தும் நிர்வாக மாட்யூலில், ஓஏ என்று சொல்வோமே அதில், 'ஏசி ரிடண்டண்ட்' மோடு போட்டிருந்தால் இந்த 7200-ஐத் தாண்டி ஒதுக்க அது சம்மதிக்காது. பிளேடை ஆன் செய்யவே விடாது. நிறுவிய அன்று நடந்ததும் அதுதான். கடைசி மூன்று பிளேடுகள் பவர் இல்லை என்று நின்றிருக்கின்றன. வந்தவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மோடை 'பவர் சப்ளை ரிடண்டண்ட்' என்று மாற்றிவிட்டார். அந்த மோடில் ஓஏ ஒரே ஒரு சப்ளை பழுதாவதைத்தான் கணக்கில் வைக்கும், ஐந்து சப்ளையின் 12,000 வாட்டையும் செலவழிக்க விடும். எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். ஒரு சப்ளை போனால் தாங்கும், ஒரு ஃபீடே போனால் தாங்காது. ஓஏ லாகை வெளியே, பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஒரு சிஸ்லாக் சர்வருக்கு அனுப்பி வைத்திருந்ததால் மோடு மாறிய நேரமும், மாற்றிய யூசரும் கையில் கிடைத்தது. இல்லாவிட்டால் எங்கள் மேலேயே பழி போட்டிருப்பார்கள்.

அந்த யூசர் பெயர் நாங்கள் உருவாக்கியதே இல்லை. ஓஏவில் 'ஷோ யூசர் லிஸ்ட்' கட்டளை கொடுத்துப் பார்த்தால், டீலருடைய அட்மின் கணக்கு நான்கு மாதமாக உயிரோடு இருந்திருக்கிறது. ஓஏ அட்மின் கையில் இருந்தால் ஒவ்வொரு பிளேடின் ஐஎல்ஓவுக்குள்ளும் (பிளேடைத் தூரத்திலிருந்தே இயக்க உதவும் பகுதி) தனி பாஸ்வேர்டு இல்லாமலே போகலாம். கன்சோலைத் திறக்கலாம், பவரை நிறுத்தலாம். ஒரு கணக்கு, 16 சர்வரின் சாவி. எனக்கு அதிகம் கோபம் வந்தது இதில்தான்.

அப்புறம் ஃபர்ம்வேர். பில்லில் 'அனைத்தும் அப்டேட் செய்யப்பட்டது' என்று இருக்கிறது. உண்மையில் ஆக்டிவ் ஓஏவும் மூன்று பிளேடும்தான் புதுசு. அது பழுதானால் கைகொடுக்க இருக்கும் ஸ்டாண்ட்பை ஓஏ பழசு. மிச்ச 13 பிளேடிலும் ஐஎல்ஓ 4, பதிப்பு 2.40. 2017-ல் வெளியான சிவிஇ-2017-12542 என்ற பாதுகாப்பு ஓட்டை 2.53-ல்தான் அடைக்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்புகளில் வலைவழிக் கோரிக்கையின் ஒரு எச்டிடிபி ஹெடரில் 29 'ஏ' எழுத்தை அனுப்பினாலே லாகின் இல்லாமல் உள்ளே போய்விடலாம். ஐஎல்ஓ அப்டேட்டுக்கு சர்வரை நிறுத்தக்கூட வேண்டாம், ஐஎல்ஓ மட்டும் ரீசெட் ஆகும். செய்யாமல் விட எந்தக் காரணமும் இல்லை.

டீலரைக் கேட்டால், "16 பிளேடும் ஓட வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றார். முடியாது என்று அன்றே சொல்லியிருந்தால் குறைவாக வாங்கியிருப்போமே!

நீங்கள் வாங்கினால், கையெழுத்துக்கு முன்னால் ஓஏவில் 'ஷோ பவர்' கொடுத்து மோடைக் கண்ணால் பாருங்கள். முழு லோடு ஏற்றி, ஒரு ஃபீடை நிஜமாகவே நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள், பிறகு மற்றதையும். ஒவ்வொரு ஐஎல்ஓ பதிப்பையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வந்தவர் கிளம்பியதும் எல்லா பாஸ்வேர்டையும் மாற்றி, உங்களுடையது அல்லாத கணக்கை அழித்துவிடுங்கள். ஓஏ, ஐஎல்ஓ போர்ட்டுகளைத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள்.

இப்போது மோடைத் திருப்பி மாற்றி 13 பிளேடு ஓட்டுகிறோம். போன வாரம் பி ஃபீடை நிறுத்திப் பார்த்தோம், எதுவும் நிற்கவில்லை. மற்ற மூன்று பிளேடும் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி டீலருக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று, இன்னும் பதில் இல்லை.