ஒற்றை விலைக் கடைகள்: பல நாடுகளில் வாங்கி, பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

வீட்டுக்கு வேண்டிய சில்லறைப் பொருள்களை ஒரே விலைக்கு விற்கும் கடைகளைப் பற்றி நாம் படிப்பவை பெரும்பாலும் வாங்கிய அன்றே எழுதப்பட்டவை. பையைக் கவிழ்த்துப் படம் எடுத்து, இத்தனை பொருள் இவ்வளவு மலிவு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பொருள் இரண்டு மழைக்காலம் தாண்டிய பிறகு என்ன ஆனது என்பதும், அதே பெயர்ப்பலகை வேறொரு நாட்டில் தொங்கும்போது உள்ளே இருப்பவை ஏன் மாறுகின்றன என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. நான் இங்கிலாந்தில் படித்தேன். பிறகு தோக்கியோவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி வீடு ஒன்றில் குடியிருக்கிறேன். மூன்று இடங்களிலும் சமையலறைக்கும் குளியலறைக்கும் எழுதுமேசைக்கும் வேண்டிய சிறுபொருள்களைப் பெரும்பாலும் இத்தகைய கடைகளில்தான் வாங்கினேன். ஒற்றை விலை என்பது பொருள் மலிவானது என்பதற்குச் சான்றாகாது. விலையை அசைக்க முடியாத கடைக்காரர் அளவையோ தரத்தையோ பொருள்களின் தேர்வையோ அசைக்கிறார். அவர் எதை அசைக்கிறார் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

ஜப்பானிலிருந்து தொடங்குவது முறை. நூறு யென் கடைகளுக்குப் பெயர்பெற்ற டைசோ நிறுவனத்தை நிறுவிய ஹிரோதாகே யானோ 1972இல் சரக்கு வண்டியில் பொருள்களை ஏற்றிச் சென்று ஊர் ஊராக விற்றவர். ஒவ்வொன்றுக்கும் விலைச்சீட்டு ஒட்ட நேரமில்லாமல் எல்லாம் நூறு யென் என்று சொல்லத் தொடங்கினார் என்பது அவர் பலமுறை சொன்ன கதை. மலிவாக வாங்கிக் காசைக் கெடுத்துக்கொள்வதா என்று வாடிக்கையாளர் ஒருவர் பேசியது அவர் காதில் விழுந்ததாகவும், அதன் பிறகு இலாபத்தைக் குறைத்துக்கொண்டு தரமான சரக்கைத் தேடத் தொடங்கியதாகவும் சொல்லியிருக்கிறார். 1991இல் தாகாமட்சு நகரில் தானே நேரடியாக நடத்தும் முதல் கடையைத் திறந்த அந்த நிறுவனம் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வகைப் பொருள்களை விற்கிறது. நூறு யென்னுடன் விற்பனை வரி சேர்ந்து 2014இல் 108 ஆனது. 2019இல் 110 ஆனது. உணவுப் பொருள்களுக்கு மட்டும் வரி எட்டு விழுக்காட்டிலேயே நிற்பதால் பிஸ்கட் பொட்டலத்துக்கு இப்போதும் 108 யென்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரியைத் தவிர அடிப்படை விலை பெரும்பாலான பொருள்களுக்கு மாறவில்லை. 200, 300, 500 யென் பொருள்களையும் அங்கேயே அடுக்கியிருக்கிறார்கள், ஆனால் அவற்றின் மேல் விலை தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும்.

தோக்கியோவில் இந்தக் கடைகளுக்கு வருபவர்களை வருமானத்தை வைத்துப் பிரிக்க முடியாது. நல்ல சம்பளம் வாங்கும் அலுவலகத்தவரும் மாணவரும் முதியவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். காரணம் வீடுகளின் அளவு என்று நினைக்கிறேன். சிறிய வீட்டில் ஒவ்வோர் இடுக்கையும் பயன்படுத்த வேண்டியிருப்பதால், அலமாரிக்குள் சரியாகப் பொருந்தும் பெட்டி, கதவின் பின்புறம் மாட்டும் கம்பி, குளிர்பதனப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டும் காந்தத் தட்டு ஆகியவை எல்லாருக்கும் தேவைப்படுகின்றன. நான் நிஷிகசாயில் குடியிருந்தபோது வாங்கிய பாலிபுரொப்பிலீன் பெட்டிகள் இன்றும் என் அலமாரியில் இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாலும் வளையவில்லை, மூடியும் தளரவில்லை. கிஃபு மாநிலத்தின் மினோ வட்டாரத்தில் சுடப்பட்ட பீங்கான் கிண்ணங்கள் நூறு யென் கடைகளில் கிடைப்பது வெளிநாட்டவர் பலருக்குத் தெரிவதில்லை. அவற்றில் தினமும் ரசமும் மோரும் ஊற்றிக் குடித்தும், நுண்ணலை அடுப்பில் சூடாக்கியும், பூச்சில் விரிசல் விழவில்லை. அடிப்பக்கத்தில் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லது. ஒரே அடுக்கில் சீனத்துக் கிண்ணமும் மினோக் கிண்ணமும் அடுத்தடுத்து இருக்கும், விலையும் ஒன்றே.

அதே கிஃபு மாநிலத்தைச் சேர்ந்த செரியா என்ற நிறுவனத்தின் கடைகள் வண்ணத்திலும் வடிவத்திலும் கூடுதல் அக்கறை காட்டுகின்றன. எழுதுபொருள், பரிசுத்தாள், கைவினைப் பொருள் ஆகியவற்றுக்கு நான் அங்கேதான் போவேன். சமையலறைக்கு டைசோ, மேசைக்குச் செரியா என்பது என் வழக்கமாகிவிட்டது.

சிங்கப்பூருக்கு டைசோ 2002இல் வந்தது. எல்லாம் இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்ற விலை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நின்றது. பொருள் சேவை வரியைக்கூட நிறுவனமே ஏற்றுக்கொண்டது. ஊதா நிற இரண்டு வெள்ளி நோட்டு ஒன்றை நீட்டினால் கணக்கு முடிந்துவிடும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. 2022 மே மாதம் அந்த வரி வாடிக்கையாளரின் தலையில் வந்து விழுந்தது. ஏழு விழுக்காட்டில் 2.14 வெள்ளியாகத் தொடங்கி, வரி ஒன்பது விழுக்காடான 2024இல் 2.18 ஆனது. விலைப்படிகளும் பெருகின. ஜப்பானின் 110 யென் அண்மை ஆண்டுகளின் மாற்று விலையில் ஏறக்குறைய ஒரு வெள்ளிதான். ஆக, அதே பொருளுக்குச் சிங்கப்பூரில் இரு மடங்கு கொடுக்கிறோம். கப்பல் கட்டணமும் கடைத்தொகுதி வாடகையும் ஊழியர் சம்பளமும் அதில் இருக்கின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தோக்கியோவில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பல பொருள்களை இங்கே பக்கத்துப் பேரங்காடியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. குப்பைப் பை, அலுமினியத் தாள், பாத்திரம் கழுவும் திரவம் ஆகியவற்றில் பேரங்காடியின் சொந்தப் பெயர்ச் சரக்கு, அளவை வைத்துக் கணக்கிட்டால், பெரும்பாலும் மலிவாக வருகிறது. சலவை வலைப்பை, பெட்டிகள், சிறு கத்தரிக்கோல், தையல் பொருள் ஆகியவற்றில் 2.18 வெள்ளி இப்போதும் நியாயமான விலைதான். என் சலவைப் பைகளின் இழுபற்கள் (ஜிப்) வாரந்தோறும் இயந்திரத்தில் சுழன்றும் கெடவில்லை.

விலையைவிடப் பெரிய வேறுபாடு பொருத்தத்தில் இருக்கிறது. ஜப்பானியச் சமையல்தொட்டியின் வடிகால் துளை அகலமானது. அதற்குள் ஒரு கூடை உட்காரும், அந்தக் கூடைக்கு ஆழமானது, ஆழமில்லாதது என இரு வகை வலை விற்கிறார்கள். கழிவைப் பிடித்து அப்படியே எறிந்துவிடும் அந்த வலை என் கணிப்பில் நூறு யென் கடையின் மிகச் சிறந்த பொருள். சிங்கப்பூர் வீடுகளின் தொட்டித் துளை சிறியதாதலால் இங்கே அது தொளதொளவென்று தொங்கும். ரப்பர் வளையம் போட்டு இறுக்கித்தான் பயன்படுத்துகிறேன். மின்சாரமும் அப்படித்தான். ஜப்பானில் 100 வோல்ட், தட்டையான இரட்டைக் கால் செருகி. இங்கே 230 வோல்ட், மூன்று கால் செருகி. அங்கிருந்து கொண்டுவந்த சுவர்ச் செருகிப் பொருள் எதையும் இங்கே நம்பிப் பயன்படுத்தக் கூடாது. சிங்கப்பூரில் விற்கும் மின் அடாப்டர்களுக்குப் பாதுகாப்பு முத்திரை கட்டாயம் என்பதால் அதைப் பார்க்காமல் எந்த மலிவுக் கடையிலும் வாங்குவதில்லை. தட்பவெப்பமும் வேறு. தோக்கியோவில் ஓடுகளில் கெட்டியாக ஒட்டிய உறிஞ்சு கொக்கிகள் இங்கே ஈரத்தில் விழுந்துவிடுகின்றன. துணி உலர்த்தும் இடத்தில் வெயில்பட வைத்த ஒளிபுகும் நெகிழிப் பெட்டிகள் மஞ்சளாகி, விளிம்பில் நொறுங்கிவிட்டன. உள்ளறையில் வைத்த அதே பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மலேசியாவுக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டினால் வேறு விதமான கடை. ஜொகூர் பாருவில் இருக்கும் என் பெரியம்மா மகள் மாதச் சாமான்களில் பாதியை எக்கோ ஷாப்பில் வாங்குகிறார். 2003இல் ஜொகூரின் ஜெமெந்தா என்ற சிற்றூரில் தொடங்கிய அந்த நிறுவனம் தீபகற்ப மலேசியாவில் 2.40 ரிங்கிட்டாக இருந்த விலையை 2025இல் 2.60 ஆக்கியது, கடல் தாண்டிச் சரக்கு போகும் சபா, சரவாக்கில் விலை கூடுதல். பெருநகரக் கடைத்தொகுதிகளைவிடச் சிறுநகரக் கடைவரிசைகளில்தான் அதை அதிகம் பார்க்கலாம். டைசோவில் கைவினைப் பொருளும் அலங்காரமும் இருக்கும் இடத்தில் இங்கே சவர்க்காரத் தூள், வாளி, துடைப்பம், பிஸ்கட், பிள்ளைகளின் பள்ளிப் பொருள் ஆகியவை நிறைந்திருக்கின்றன. அக்காவின் வீட்டில் அங்கு வாங்கிய வாளியும் துணிக் கவ்விகளும் நன்றாக உழைக்கின்றன. மெல்லிய எவர்சில்வர் கரண்டிகள் காம்பில் வளைந்துவிட்டன. அழகைப் பொருட்படுத்தாமல் அன்றாடப் புழக்கத்துக்கு வாங்குபவருக்கு, நான் பார்த்தவற்றில் இதுவே மிக நேர்மையான கடை.

இங்கிலாந்தில் என் மாணவப் பருவம் ஒரு பவுண்டு நாணயத்தை நம்பியே ஓடியது. ஒரு பவுண்டுக் கடையான பவுண்ட்லாண்ட் 1990இல் பர்ட்டன் அப்பான் டிரென்ட் நகரில் தொடங்கப்பட்டது. அந்நாட்டில் விலைச்சீட்டில் வரி உள்ளடங்கியிருப்பதால் ஒரு பவுண்டு என்றால் ஒரு பவுண்டுதான். அந்தத் தெளிவு மாணவனுக்குப் பேருதவி. அங்கே கடையின் சொந்தச் சரக்கைவிட, பெயர்பெற்ற நிறுவனங்களின் மிட்டாய், ஷாம்பூ, பற்பசை ஆகியவையே கூட்டத்தை இழுத்தன. அவை ஒரு பவுண்டுக்கென்றே சிறிய பொதிகளாக வந்தன. பேரங்காடியில் அதே பற்பசையின் பெரிய குழாய் நூறு மில்லிலிட்டருக்கு என்ன விலை என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது. பின்னர் அந்த ஒற்றை விலை கைவிடப்பட்டது. 2025இல் அந்த நிறுவனமே பெயரளவு விலையாக ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது.

இந்த விலை உடையும் கதை புதிதன்று. அமெரிக்காவில் 1879இல் ஐந்து காசுக் கடையாகத் தொடங்கிய உல்வொர்த், பிறகு பத்துக் காசையும் சேர்த்து, கடைசியில் 1930களின் நடுவில் விலை வரம்பையே கைவிட்டது. அதே நாட்டில் 1986இல் தொடங்கிய டாலர் ட்ரீ ஒரு டாலர் விலையை 2021 இறுதிவரை காப்பாற்றிவிட்டு, 1.25 டாலருக்கு மாறியது. டாலர் ஜெனரல் பெயரில் டாலர் இருந்தாலும் ஒற்றை விலைக் கடையன்று. 20,000க்கும் மேற்பட்ட கிளைகளோடு, பெரிய மளிகைக் கடை எட்டாத சிற்றூர்களில் அதுவே மளிகைக் கடையாக நிற்கிறது.

வட கரோலினாவில் இருக்கும் என் தங்கை வீட்டில் தங்கியிருந்த நாள்களில் இந்த வேறுபாடு எனக்கு நன்றாகப் புலப்பட்டது. ஜப்பானில் எல்லாரும் நுழையும் கடை, அங்கே கையில் பணம் குறைவாக இருப்பவரின் கடையாக இருக்கிறது. ஒரு டாலர் கடையில் 16 அவுன்சுப் பால் ஒரு டாலருக்கு விற்கப்பட்டால் ஒரு காலன் எட்டு டாலராகிறது; பேரங்காடியில் காலன் பால் அதில் பாதி விலைக்கும் குறைவாகவே கிடைத்து வந்தது. மொத்தமாக வாங்கப் பணமில்லாதவர், கார் இல்லாதவர், சிறிது சிறிதாக வாங்கிக் கூடுதலாகக் கொடுக்கிறார். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் செய்தி. புதிய காய்கறி விற்கும் கடைகள் வருவதற்கு இந்த டாலர் கடைகள் தடையாகின்றன என்று கருதி, ஒக்லஹோமாவின் டல்சா நகரம் 2018இல் நகரின் வடபகுதியில் இவை ஒன்றுக்கொன்று அருகில் அமைவதைக் கட்டுப்படுத்தும் விதியை நிறைவேற்றியது. மளிகையைத் தவிர்த்துப் பார்த்தால் அங்கே வாங்கத் தக்கவை இருக்கின்றன. வாழ்த்து அட்டை, பிறந்தநாள் பலூன், பரிசுப் பை, கண்ணாடிக் குவளை ஆகியவற்றில் வேறு எந்தக் கடையும் அந்த விலைக்கு அருகில் வருவதில்லை. தங்கை வீட்டுக் குவளைகள் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் ஆண்டுக்கணக்காகத் தாக்குப்பிடித்துள்ளன. வரி கல்லாவில்தான் சேர்க்கப்படும், அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதை மட்டும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

தென்கொரியாவின் டைசோ தனிவழி சென்றுவிட்டது. 2023 இறுதியில் ஜப்பானிய நிறுவனத்தின் பங்குகளைக் கொரிய நிறுவனமே வாங்கிக்கொண்டது. 500 வோனில் தொடங்கி 5,000 வோனில் முடியும் படிகள். அதற்கு மேல் விலையுள்ள பொருள் கிடையாது. இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒற்றை விலைக்காகப் பொருளைச் சுருக்கவோ மெலிக்கவோ வேண்டியதில்லை. வாங்குபவருக்கும் உச்சவரம்பு தெரிந்திருக்கிறது. சோல் நகரின் மியோங்டோங் கிளையில் முகப்பூச்சு, வெயில்காப்புக் களிம்பு வாங்க வந்த கூட்டம், ஜப்பானில் பெட்டி வாங்க நின்ற கூட்டத்தைவிடப் பெரிது. நான் அங்கு வாங்கியவை அண்மைக் காலத்தவை என்பதால் உழைப்பைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை.

ஜப்பானுக்குப் பயணம் போகிறவர்கள் என்னிடம் கேட்டால், புறப்படுமுன் வீட்டு அலமாரித் தட்டின் அகலத்தையும் ஆழத்தையும் உயரத்தையும் சமையல்தொட்டித் துளையின் விட்டத்தையும் அளந்து கைப்பேசியில் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். பெட்டிகளின் அளவு அங்கே சென்டிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்றினுள் ஒன்றாக அடுக்கினால் பயணப் பெட்டியில் அதிக இடம் பிடிக்காது. கிண்ணங்களைத் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவரலாம். செருகி உள்ள பொருளையும் உறிஞ்சு கொக்கியையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.