ஒரு இனிஷியலுக்காகக் கரையும் லீவு

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று இந்த ராமநாதபுரம் மாவட்டக் கரையில் எந்த ஊருக்கு வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தாலும் முதல் வாரம் ஒரே மாதிரிதான் கழியும். பெட்டி பிரிப்பது, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வருவது, மீன் சாப்பாடு. இரண்டாம் வாரம் பீரோவிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறை வெளியே வரும். அதிலிருப்பதை எல்லாம் பாயில் பரப்பி, பாஸ்போர்ட், ஆதார், தடுப்பூசிச் சான்றிதழ், எமிரேட்ஸ் ஐ.டி. (அமீரக அட்டை) அல்லது இக்காமா (சவூதி வதிவிட அட்டை) என்று வரிசையாக வைத்துப் பெயரை மட்டும் படித்துப் பாருங்கள். பத்து வீட்டில் பார்த்தால் பல வீடுகளில் பெயர் ஒன்றுபோல இருக்காது. கொரோனாக் காலத்தில் இங்கிருந்து திரும்ப முடியாமல் தவித்த சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள், பலரைத் தடுத்தது காய்ச்சல் இல்லை, இந்தப் பெயர்தான். அந்த நோய்க்காலச் சட்டங்கள் எல்லாம் போய்விட்டன. பெயர்ச் சிக்கல் அப்படியே இருக்கிறது. லீவில் வருகிறவர்களின் பாஸ்போர்ட் புதுப்பிப்பு இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

முத்து என்பவரின் மகன் கருப்பையா என்று வையுங்கள். ஆதாரில் 'மு. கருப்பையா'. பள்ளிச் சான்றிதழில் 'கருப்பையா மு'. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்கமாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். அதனால் அதில் சொந்தப் பெயர் கட்டத்தில் 'கருப்பையா', குடும்பப் பெயர் கட்டத்தில் 'முத்து'. வெளிநாட்டு அட்டை பாஸ்போர்ட்டைப் பார்த்து அச்சாகிறது. நமக்கு இந்த நாலும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று ஆள். முஸ்லிம் பெயர்களில் இது இன்னும் சிக்கல். செய்யது என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதலாம். அப்துல் ரஹ்மானைச் சேர்த்தும் எழுதலாம், பிரித்தும் எழுதலாம். முன்பெல்லாம் கடிதத்தில் 'த/பெ' போட்டுத் தெருப் பெயரை எழுதினாலே போதும், தபால்காரர் வீட்டுத் திண்ணைக்கு வந்து கூப்பிட்டுக் கொடுப்பார். அவருக்கு ஆளைத் தெரியும். இப்போது சரிபார்ப்பது எழுத்தை மட்டும் பார்க்கும் இயந்திரம்.

2021இல் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும். ஏனென்றால் அப்போது செய்த தவறுகளைத்தான் இப்போதும் செய்கிறார்கள்.

தடுப்பூசி போட்டதில் ஊரைக் குறை சொல்லவே முடியாது. 2021 செப்டம்பர் 12இல் தமிழ்நாடு முழுக்க மெகா முகாம் தொடங்கியது. பணம் கிடையாது, பரிந்துரை கிடையாது. கிராமச் செவிலியர்கள் வெயிலில் நின்று செய்த வேலை அது. வெளிநாட்டில் எத்தனையோ வசதி இருந்தும், வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஊசி போட்டது நம் ஊரில்தான். கோளாறு வந்தது பதிவில். நேரில் பதிவு செய்யும்போது கூட்டத்தின் அவசரத்தில் அட்டையைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்தார்கள். இனிஷியல் முன்னால் போனது, பின்னால் போனது, சிலருக்கு விட்டே போனது. தடுப்பூசிப் பதிவுக்கான அரசின் கோவின் தளத்தில் ஒரு கைபேசி எண்ணில் நாலு பேர் வரை பதியலாம் என்பதால் பக்கத்து வீட்டு எண்ணிலும் மச்சான் எண்ணிலும் பதிந்தார்கள். சான்றிதழை இறக்க வேண்டுமானால் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். மச்சான் கடலுக்குப் போயிருந்தால் கரைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். முதல் ஊசிக்கு ஒரு எண்ணும் இரண்டாவதற்கு வேறு எண்ணும் கொடுத்தவர்களுக்கு இரண்டு 'முதல் ஊசி'ச் சான்றிதழ்கள் வந்தன. முழுமையாக ஊசி போட்டவர் என்று ஒரு காகிதமும் சொல்லவில்லை. இரண்டையும் இணைக்க அதே தளத்தில் தனி வழி இருந்தது, தெரிந்தவர்கள் குறைவு.

திருத்தும் வசதி 2021 ஜூன் மாதத்தில் வந்தது. பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கலாம், பெயரைத் திருத்தலாம். ஆனால் பெயரை ஒரே ஒருமுறைதான் திருத்த முடியும். லீவே கரைந்துபோனது இந்த இடத்தில்தான். பிரவுசிங் சென்டரில், "அண்ணே, பாஸ்போர்ட் நம்பர ஏத்திட்டேன், வேலை முடிஞ்சுது" என்று காகிதத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எண் ஏறியிருக்கும், மேலே பெயர் 'மு. கருப்பையா' என்றே நிற்கும். அப்புறம் அவசரத்தில் பெயரைத் திருத்தப் போய் 'கருப்பையா மு' என்று மாற்றிவிடுவார்கள். அந்த ஒற்றை வாய்ப்பும் போய்விடும். முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து, சொந்தப் பெயர், பிறகு குடும்பப் பெயர், புள்ளி இல்லாமல், எழுத்துக்கு எழுத்து அதில் உள்ளபடி திருத்தியிருக்க வேண்டும். திருத்தம் சான்றிதழில் வந்ததைப் பார்த்தபிறகே பாஸ்போர்ட் எண். தொடக்கத்தில் சான்றிதழில் பிறந்த ஆண்டு மட்டும் இருந்தது, முழுப் பிறந்த தேதி பின்னால்தான் சேர்ந்தது. அதையும் போட்டுப் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய அச்சுப்படியை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு, இதுவே போதும் என்று விமான நிலையம் போனவர்களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

பெயர் சரியாக இருந்தாலும் நாள் கணக்கு விடாது. கோவிஷீல்டு இரண்டாவது ஊசிக்கு அப்போது 84 நாள் இடைவெளி. வேலைக்காக வெளிநாடு போகிறவர்களுக்கு அதை 28 நாளாகக் குறைத்து 2021 ஜூனில் தனி விதி வந்தது. இதற்கு விசாவைக் காட்டி, பாஸ்போர்ட்டை அடையாள அட்டையாக வைத்துப் பதியவேண்டும். இப்படிப் பதிந்தவர்களுக்குப் பெயர்ச் சிக்கலே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கோவாக்சின் போட்டவர்களுக்கு வேறு தொல்லை. உலக சுகாதார நிறுவனம் அதை அங்கீகரித்தது 2021 நவம்பர் 3இல். அதுவரை பல நாடுகள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

நாட்டுக்கு நாடு கதவு திறந்த தேதியும் வேறு. அமீரகம் 2021 ஏப்ரல் 24 இரவு இந்தியப் பயணிகளுக்குக் கதவை மூடியது. ஆகஸ்டு 5 முதல் அங்கேயே ஊசி போட்டவர்களுக்கும், செப்டம்பர் 12 முதல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஊசி போட்ட வதிவிட விசாக்காரர்களுக்கும் திறந்தது. சவூதிக்கு 2021 பிப்ரவரியிலிருந்து நேரடி வழி இல்லை. மூன்றாவது நாடு ஒன்றில் 14 நாள் தங்கிப் போகவேண்டும். அந்தச் செலவில் பலருக்கு ஒரு வருடச் சேமிப்பே போயிருக்கும். சவூதியில் இரண்டு ஊசியும் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஆகஸ்டு இறுதியில் வழி கிடைத்தது. ஊரில் போட்டவர்கள் டிசம்பர் 1 வரை காத்திருந்தார்கள்.

கொரோனாப் பரிசோதனைக் கணக்கு இந்தக் கரைக்கே உரிய தலைவலி. துபாய் விமானத்துக்கு 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர்., விமான நிலையத்தில் புறப்படுவதற்கு 6 மணி நேரத்துக்குள் ரேபிட் பி.சி.ஆர். நேரம் தொடங்குவது மாதிரி கொடுத்த நிமிடத்திலிருந்து, அறிக்கை வந்த நிமிடத்திலிருந்து அல்ல. திருச்சியில் புதன் அதிகாலை 1 மணிக்கு விமானம் என்றால் செவ்வாய் மாலை 7 மணிக்கு அங்கே நிற்கவேண்டும். கீழக்கரையிலிருந்து செவ்வாய் மதியம் 2 மணிக்காவது வண்டி கிளம்பவேண்டும். மாதிரியை ஞாயிறு மாலை கொடுத்தால் காலாவதி. செவ்வாய் காலை கொடுத்தால் அறிக்கை கைக்கு வராது. மிச்சம் இருப்பது திங்கள் பகல் ஒன்றுதான். மாதிரி எடுக்கும் இடம் ராமநாதபுரத்திலும் பரிசோதிக்கும் ஆய்வகம் வேறு ஊரிலும் இருந்தால் அந்த ஒரு பகலும் இறுக்கிவிடும். அறிக்கையில் க்யூ.ஆர். குறியீடு இல்லையென்றால் செல்லாது. பெயர் அங்கேயும் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் இருக்கவேண்டும். மாதிரி எடுப்பவர் ஆதாரைக் கேட்டாலும் பாஸ்போர்ட்டைத்தான் நீட்டவேண்டும். நோய் வந்து குணமானவர்களுக்கு இன்னொரு சோதனை. கிருமியின் மிச்சம் மூக்கில் வாரக்கணக்கில் இருக்கும். ஆள் நலமாக இருந்தாலும் ஆர்.டி.பி.சி.ஆர். அதைப் பிடித்துவிடும். டிக்கெட் போய்விடும்.

தனிமைப்படுத்தலைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் 14 நாள் ஓட்டல் அறையில் அடைபட 2,000 வெள்ளி கட்டினார்கள், கதவு திறந்தது சாப்பாட்டுக்கு மட்டும். இங்கே வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள், ஆனால் தெருவே ஜன்னலில் நின்று, "காக்கா (அண்ணே), எப்ப வந்தீங்க?" என்றது. பாசம்தான். ஆனால் ஒரே கழிப்பறை உள்ள கூட்டுக்குடும்ப வீட்டில் ஒருவர் எப்படித் தனியாக இருப்பது? மாடி அறையும் தனிக் குளியலறையும் இருந்த வீடுகளில் மட்டுமே அது நடந்தது.   

இனி இன்றைய நிலைமை. அமீரக வதிவிட விசாவில் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் விசா செல்லாது என்பது பழைய விதி. கொரோனாவில் தளர்த்தினார்கள். இப்போது தக்க காரணம் காட்டித் திரும்ப அனுமதி கேட்கலாம், கூடுதலான ஒவ்வொரு 30 நாளுக்கும் 100 திர்ஹம் கட்டவேண்டும். இது கைகொடுக்கும் விதி, ஆனால் அதை நம்பி லீவை நீட்டவேண்டாம். பாஸ்போர்ட்டைக் காலாவதிக்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்கலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்தால் பயணமே கேள்விக்குறி. சாதாரண 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. ஆன்லைனில் நேரம் குறிப்பதும் பணம் கட்டுவதும் இப்போது உண்மையிலேயே எளிது. துபாயில் பார்க்கும் ஒழுங்குக்குக் குறைவில்லை. அதற்கப்புறம் கவுன்டரில் ஆதாரை வாங்கிப் பார்ப்பார்கள். 'மு. கருப்பையா'. காகிதம் திரும்பி வரும். அங்கே உட்கார்ந்திருப்பவரைக் கோபித்துப் பயனில்லை, அவர் இரண்டு பெயரை ஒன்று என்று எழுதிக் கொடுக்க முடியாது.

இங்கே பலரும் செய்வது, ஆதாரைப் பார்த்துப் பாஸ்போர்ட்டை மாற்றுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிலத்துக்குத் தாய்ப் பத்திரம் எதுவோ, வெளிநாட்டில் இருப்பவனுக்குப் பாஸ்போர்ட் அது. அதில் ஒரு எழுத்து மாறினால் அங்கே வதிவிட அட்டை, வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் மாறவேண்டும். ஆதாரை மாற்றினால் இங்கே மட்டும் முடிந்துவிடும். பாஸ்போர்ட்டையே ஆதாரமாகக் காட்டி ஆதாரில் பெயரைத் திருத்தலாம். ஆனால் வாழ்நாளில் இரண்டு முறைதான், பிறந்த தேதி ஒரே முறை. அதனால் திரையில் தட்டச்சு செய்ததைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புகைச் சீட்டை வாங்கவேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. குடும்பப் பெயர் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயரோடு இருக்கும் பாஸ்போர்ட்டுகள். நம் ஊரில் இவை ஏராளம். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டில் பார்வையாளர் விசாவை ஏற்கமாட்டோம் என்றது. குடும்பத்தை அழைத்துப்போக நினைக்கிறவர்கள் மனைவி, பெற்றோர் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துப் பார்க்கட்டும். காலியாக இருந்தால் புதுப்பிக்கும்போதே தகப்பன் பெயரையோ கணவர் பெயரையோ அந்தக் கட்டத்தில் போட்டுவிட வேண்டும். இன்னும் விசா இல்லாதவர்களுக்கு அதனால் வெளிநாட்டில் மாற்றவேண்டிய அட்டையோ கணக்கோ எதுவும் இருக்காது.

ஆதார் வேலைக்கு வேண்டிய இன்னொன்று, உயிரோடு இருக்கும் சிம். 90 நாள் பயன்படுத்தாத எண் துண்டிக்கப்படலாம். சபுராளியின் எண் லீவுக்கு லீவுதான் உயிர் பெறுகிறது, ஓ.டி.பி. வராமல் பாதி லீவு இ-சேவை மையத்தில் போகிறது. வீட்டில் ஒருவரிடம் அந்த சிம்மைக் கொடுத்து, மாதம் ஒரு அழைப்பாவது பேசச் சொல்லிவிட்டுப் போங்கள்.

போலீஸ் சரிபார்ப்பு வரும்போது விண்ணப்பதாரர் அந்த முகவரியில் இருக்கவேண்டும். கடற்கரைத் தெருக்களில் கதவு எண் எழுதாத வீடுகள் உண்டு. விண்ணப்பத்தில் வார்டும், பள்ளிவாசல் அல்லது கோயில் அடையாளமும் சேர்த்து எழுதினால் தேடி அலையமாட்டார்கள். புது பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட்டில் வரும். அதனால் சரிபார்ப்பு முடிந்ததும் ஏர்வாடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ குடும்பத்தோடு கிளம்பாமல் வீட்டிலேயே இருப்பது நல்லது.

பழைய பாஸ்போர்ட்டை மூலை வெட்டி, ரத்து முத்திரையோடு திருப்பித் தருவார்கள். அதை வீட்டில் போட்டுவிட்டுப் போகக்கூடாது. அதிலுள்ள விசாவும், வெளிநாட்டுப் பதிவில் உள்ள எண்ணும் இன்னும் பழையவைதான். புது எண்ணை வேலை தரும் நிறுவனத்துக்கு அனுப்பி வதிவிடப் பதிவில் மாற்றச் சொல்லுங்கள். மாறினாலும் மாறாவிட்டாலும் இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரு ரப்பர் பேண்டில் கட்டிக் கைப்பையில் வையுங்கள். கருவாடும் பனங்கற்கண்டும் போகிற அட்டைப் பெட்டிக்குள் வேண்டாம்.