அட்ஜேயின் பழைய பாரிஸ்: வேலைக்கு உதவும் ஒரு படக் களஞ்சியம்

பாரிஸில் பழைய கட்டடங்களின் படிக்கட்டுக் கிராதி, பல்கனிக் கம்பி, வாசற்கதவு இதெல்லாம் திருத்துவதுதான் என் தொழில். ஒரு கிராதியில் பாதி அலங்காரம் உடைந்து போயிருந்தால், அந்தக் காலத்து வேலை எப்படி இருந்தது என்று பார்க்க நான் முதலில் திறப்பது பாரிஸ் நகர அருங்காட்சியகங்களின் இணையத்தளத்தைத்தான். அதில் தேடுவது ஒரே ஒருவருடைய படங்களை: யூஜென் அட்ஜே.

1857இல் பிறந்தவர், 1927இல் இறந்தவர். 1890களின் கடைசியில் இருந்து, இடிக்காமல் மிஞ்சிய பழைய பாரிஸைத் தெருத் தெருவாகப் படமெடுத்தார். மரக் கமரா, முக்காலி, பிலிமுக்குப் பதிலாக அன்று படம் பதிந்த 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தட்டுகள், எல்லாவற்றையும் தானே சுமந்து திரிந்தார். தன் படங்களைக் கலைஞர்களுக்கான ஆவணங்கள் என்றுதான் சொல்லி விற்றார். ஓவியர்கள், நாடக மேடை அமைப்பவர்கள், கைவினைஞர்கள் வாங்கினார்கள். பாரிஸின் வரலாற்றைச் சொல்லும் கார்னவலே அருங்காட்சியகமும் நூலகங்களும் வாங்கின. 1920இல் 2,621 கண்ணாடித் தட்டுகளை 10,000 பிராங்குக்கு அரசிடம் கொடுத்தார். என்னைப் போன்ற வேலைக்காரனுக்கு உதவத்தான் அந்த மனிதர் இவ்வளவு பாடுபட்டார் என்று நினைக்கும்போது மனம் நிறைந்துவிடும்.

சார்ல் சேங்க் தெருவில் 12ஆம் இலக்க வீடு, பிரேன்வில்லியே மாளிகை. அதன் படிக்கட்டை அட்ஜே எடுத்திருக்கிறார். இப்படியான படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சுருள் எங்கே தொடங்கி எங்கே மெலிகிறது, கம்பிக்கும் சுருளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். அந்தக் காலத்தில் இன்றைய வெல்டிங் இல்லை. இரும்புப் பட்டையைச் சூடாக்கிச் சுற்றி இறுக்கியும், ஆணி அறைந்தும் சேர்த்தார்கள். அந்தப் பட்டை இருந்த இடத்தில் வெறும் வெல்டிங் பொட்டு வைத்தால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே பிடிபடும். வேலை பழகும் தம்பிமாருக்கு நான் காட்டுவது இந்தப் படங்களைத்தான்.

சில படங்களின் மேல் மூலைகளில் கறுப்பாக ஒரு வளைவு தெரியும். படம் பழுதாகவில்லை. கட்டடம் சாயாமல் நேராக விழ வேண்டும் என்று லென்ஸை மேலே உயர்த்துவார்; அப்போது வெளிச்சம் தட்டின் மூலை வரை எட்டாது. தெருக்கள் வெறிச்சென்று இருப்பதற்கும் காரணம் உண்டு. பெரும்பாலும் விடியற்காலையில், நீண்ட நேரம் லென்ஸைத் திறந்து வைத்து எடுத்தார். நடந்து போனவர்கள் புகை மாதிரிக் கரைந்துவிட்டார்கள்.

ஆனால் அவர் மனிதர்களையும் விடவில்லை. விளக்குக்கூடு விற்பவர், தெருவில் கைப்பிடியைச் சுழற்றி வாத்தியம் வாசித்துப் பிழைப்பவர், நகர மதிலுக்கு வெளியே குடிசை போட்டிருந்த கந்தல் பொறுக்குவோர் என்று பலர் இருக்கிறார்கள். 1912 சூரிய கிரகணத்தன்று பஸ்தி சதுக்கத்தில் கூட்டமாக வானத்தைப் பார்த்து நிற்பவர்களின் படமும் உண்டு. வந்த ஊரில் கைத்தொழிலால் காலூன்றியவன் நான். அந்தத் தெருத் தொழிலாளர் படங்களை அவசரமாகக் கடக்க என்னால் முடிவதில்லை.

இனி அந்த இணையத்தளத்தின் சேவை எப்படி? மிக நல்லது. 2020 ஜனவரி முதல் உரிமைக் கட்டுப்பாடு இல்லாத படங்களை யாரும் இலவசமாக இறக்கலாம். அச்சிடுகிற தரம், படத்தோடு அதன் விவரக் குறிப்பும் சேர்ந்து வரும். குறிப்புகள் பிரெஞ்சில்தான், அதனால் கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்திருந்தால் நல்லது. பல தலைப்புகளில் தெருப் பெயரும் வீட்டு இலக்கமும் இருப்பதால், நீங்கள் குடியிருக்கும் தெருவையே அடித்துப் பார்க்கலாம். பல அருங்காட்சியகங்களின் பொருட்கள் ஒன்றாக வரும். கார்னவலே என்று பிரித்துக்கொண்டால் தேடுவது சுகம்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வருபவர்கள் ஒருநாள் மரே என்ற பழைய நகரப் பகுதிப் பக்கமும் போய் வாருங்கள். மெட்ரோ சேன் போலில் இறங்கினால் கார்னவலே நடக்கிற தூரம். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை பூட்டு. பழைய புகைப்படத் தாள் வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால் அட்ஜேயின் அச்சுகளை அங்கே எப்போதும் மாட்டி வைக்க முடியாது. அதற்குப் பதில் பழைய கடைப் பெயர்ப்பலகைகள் தொங்கும் மண்டபம் இருக்கிறது. இரும்பு வேலை செய்பவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.