மெமரி கார்டைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

அப்பா பாம்பனில் தன் நாட்டுப்படகை முதன்முதலாகக் கடலில் இறக்கிய நாளின் படங்கள் ஒரே ஒரு மெமரி கார்டில்தான் இருந்தன. அப்பா இப்போது இல்லை. போன மாதம் கேமராவில் கைதவறி அந்தக் கார்டு ஃபார்மட் ஆகிவிட்டது.

படங்களை மீட்டுத் தரச் சொல்லி ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். மறுநாள் 212 கோப்புகளைக் கார்டிலேயே போட்டுக் காட்டி, 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அளவெல்லாம் சரியாக இருந்தது. வீட்டில் ஒரு படமும் திறக்கவில்லை. போய்க் கேட்டால், "படங்கள் பழுதாகியிருக்கின்றன, சரிசெய்ய இன்னும் 3,000 ஆகும்" என்றார்கள். கொடுக்கவும் இருந்தேன்.

தங்கை மகன்தான் தடுத்தான். "பொறுங்கள் மாமா, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்" என்று எச்எக்ஸ்டி என்ற ஹெக்ஸ் எடிட்டரில் ஒரு கோப்பைத் திறந்தான். கோப்பை பைட் பைட்டாக, ஒவ்வொன்றையும் இரண்டு குறி கொண்ட எண்ணாகக் காட்டும் மென்பொருள் அது. முதல் மூன்று பைட்டுகள் எஃப்எஃப், டி8, எஃப்எஃப். ஜேபெக் படம் எதுவும் இப்படித்தான் தொடங்கும். நான்காவது பைட்டிலிருந்து 00, 00, 00. கீழே இழுக்க இழுக்க அதே பூஜ்யம். முடிவில் இருக்க வேண்டிய எஃப்எஃப், டி9 இல்லவே இல்லை. பக்கத்தில் என் கைப்பேசிப் படம் ஒன்றைத் திறந்தான். மணலை வாரி இறைத்ததுபோல் எண்கள் நெருக்கமாகக் கலந்து கிடந்தன. படம் என்றால் அப்படி இருக்க வேண்டும். எனக்குக் கொடுத்தது தலை மட்டும் ஒட்டிய வெற்றுக்கூடு. 212 கோப்புகளும் அப்படியே.

அதைவிடக் கொடுமை, அவற்றைக் கார்டிலேயே எழுதியது. ஃபார்மட் செய்தால் பெரும்பாலும் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் அழியும். மேலே வேறொன்றை எழுதும்வரை படங்கள் அடியில் கிடக்கும். அப்பாவின் படங்கள் கிடந்த இடத்தில் பூஜ்யங்களை நிரப்பிவிட்டார்கள்.

விண்டோஸில் சோதிக்க எச்எக்ஸ்டி போதும். இலவசம்; கார்டை முழுதாகத் திறக்கும்போது படிக்க மட்டும் என்ற தேர்வு உண்டு, அதை எடுத்துவிடாதீர்கள். 010 எடிட்டர் என்ற இன்னொரு ஹெக்ஸ் எடிட்டர், டெம்ப்ளேட் என்ற கோப்பு வடிவ விளக்கத்தின் மூலம் ஜேபெக்கின் பகுதிகளைப் பெயரோடு பிரித்துக் காட்டும்; ஆனால் காசு. ஐம்ஹெக்ஸ் என்ற எடிட்டர் அந்த வேலையை இலவசமாகச் செய்கிறது, பழகத்தான் நாளாகும். எதிலும் இடையில் ஒரு பைட்டைச் செருகிவிடாதீர்கள். பின்னால் இருப்பதெல்லாம் இடம் நகர்ந்துவிடும்.

கடையில் கார்டின் முழு நகலை எடுத்து, அந்த நகலில் மட்டும் வேலை செய்யச் சொல்லுங்கள். மீட்டதை வேறு பென்டிரைவில் வாங்குங்கள். இரண்டு மூன்று கோப்புகளின் நடுப்பகுதியை அங்கேயே திறந்து பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.