தாங்கி தெரியாத மரப் பலகை மாட்டுகிறீர்களா? உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்

சுவரில் தாங்கியே தெரியாமல் நிற்கும் ஃப்ளோட்டிங் ஷெல்ஃப் போட ஆள் கூப்பிடுகிறவர்கள், கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள். இந்த வேலையில் முக்கியமானதெல்லாம் பலகைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. ஏமாற்றுகிறவர்களுக்கு அதுவே வசதி.

புத்தகம் வைக்க என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் வேலை கொடுத்தோம். பார்க்க அருமையாக இருந்தது. ஒரு நாள் இரவு புத்தகங்களோடு மொத்தமாகச் சரிந்து விழுந்தது. குழந்தை உட்கார்ந்து விளையாடும் இடம் அது. நல்லவேளை, அப்போது அங்கே யாரும் இல்லை.

விழுந்ததை எடுத்துப் பார்த்தால் வயிறு எரிந்தது. ஸ்க்ரூ ஒரு அங்குலம்கூட இல்லை. சிமெண்ட் பூச்சோடு நின்றிருக்கிறது, செங்கலைத் தொடவே இல்லை. ஓட்டை பெரிதாகிப்போன இடங்களில், ஸ்க்ரூ பிடிப்பதற்காக ஓட்டைக்குள் போடும் பிளாஸ்டிக் பிளக்கைச் சுற்றித் தீக்குச்சிகளைச் செருகி, மேலே பட்டி பூசி மூடியிருக்கிறார். ஒரு குச்சியில் மருந்துகூட அப்படியே இருந்தது. போன் செய்தால், "வெயிட் அதிகமா ஏத்திட்டீங்க" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை.

வெயிட் மேல் பழி போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பலகை சுவரிலிருந்து முன்விளிம்பு வரை 24 செ.மீ. அகலம், பலகைக்குள் மறைந்து அதைத் தாங்க, சுவரில் ஸ்க்ரூ போட்டு மாட்டும் இரும்புப் பட்டையில் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் விளிம்புக்கும் 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த அகலத்தின் நடுவில், அதாவது சுவரிலிருந்து 12 செ.மீ. தள்ளி, 10 கிலோ வைத்தால், பலகை நெம்புகோல்போல வேலை செய்யும்; மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுப்பு மூன்று மடங்கு (12 ÷ 4), சுமார் 30 கிலோ. அதையே முன்விளிம்பில் வைத்தால் 60. பூச்சு பெரும்பாலும் 12 முதல் 20 மி.மீ. கனம்தான். அது எப்படித் தாங்கும்?

பிறகு வேறொருவர் வந்து சரிசெய்தார். டிரில் பிட்டில் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொண்டார். முதலில் சாம்பல் நிறத் தூள் கொட்டியது, அப்புறம் சிவப்பாக மாறியது. அதுதான் செங்கல். அங்கிருந்து இன்னும் 50 மி.மீ. உள்ளே போனார். தூளை ஊதி எடுத்துவிட்டு, சுத்தியலால் தட்டினால்தான் இறங்கும்படி பிளக்கை இறுக்கமாகப் போட்டார். பட்டையை மாட்டியதும், பலகையைச் செருகும் முன், அதைப் பிடித்துத் தொங்கிக் காட்டினார்.

உள்ளே பொந்துள்ள ஹாலோ பிளாக் சுவரில் இந்தச் சாதாரண பிளக் பிடிக்காது. பொந்துக்குள் விரிந்து பிடிக்கும், அதற்கென்று உள்ள ஆங்கர்தான் வேண்டும். ஜிப்சம் பலகையால் ஆன தடுப்புச் சுவர் என்றால் உள்ளே இருக்கும் சட்டத்தில்தான் ஸ்க்ரூ ஏற வேண்டும்.

ஏற்கெனவே பலகை மாட்டியிருக்கிறவர்கள் அதன் மேல்விளிம்பைப் பாருங்கள். சுவருக்கும் அதற்கும் நடுவே புதிதாக ஒரு மயிரிழை இடைவெளி தெரிந்தால், பொருட்களை இன்றே இறக்கிவிடுங்கள். எங்கள் பலகையிலும் தெரிந்தது. கேட்டதற்கு, "மரம் செட் ஆகுது, ஒண்ணும் ஆகாது" என்றுதான் அந்த ஆள் சொன்னார்.