தவளை ஒட்டுண்ணி ஸ்லைடு பெட்டி: வாங்கிப் பார்த்ததில்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்காக வாங்கினேன். ஓபலினா ஸ்லைடுதான் மனசை அள்ளியது. தவளையின் மலக்குடலில் வாழும் இந்த ஒற்றைச் செல் உயிரிக்கு வாயே கிடையாது. உடம்பு முழுக்க வரிவரியாகக் குறு இழைகள், உள்ளே புள்ளிபுள்ளியாய் உட்கருக்கள். நுண்ணோக்கியில் 100 மடங்கிலேயே பளிச்சென்று தெரிகிறது.

தேரையின் நுரையீரல் புழு ராப்டியாஸும் அருமை. ஈரமண்ணில் கிடக்கும் இதன் இளம்புழு தோலைத் துளைத்து உள்ளே ஏறும். சாயம் நன்றாக ஏறி, புழுவுக்குள் இருக்கும் முட்டைகள்கூடத் தெரிகின்றன.

பாலிஸ்டோமாவில்தான் ஏமாற்றம். தவளை முட்டையிடக் குளத்தில் இறங்கும் பருவத்தில்தான், அதன் சிறுநீர்ப்பையில் இருக்கும் இந்தப் புழுவும் முட்டையிடும். அதைச் சொல்லியபடியே, புழு ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் ஆறு உறிஞ்சிகளையும் காட்ட ஆசைப்பட்டேன். இரண்டின் மேல் காற்றுக்குமிழி. கடையில் மாற்றித் தரவில்லை. வாங்குகிறவர்கள் அந்த ஒரு ஸ்லைடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.