பாய்மரப் படகில் ரேடார்: மரத்திலா, பின்கம்பத்திலா?

கோவை கணபதியில் உள்ள எங்கள் பட்டறையில் பம்ப் உதிரிகளும் நூற்பாலைகளுக்கான எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வேலைகளும்தான் அன்றாடம் நடப்பவை. கொச்சியில் நிற்கும் தம் 11 மீட்டர் பாய்மரப் படகுக்கு ரேடார் தாங்கி செய்து தரும்படி இவ்வூர்க்காரர் ஒருவர் கேட்டபோது, ரேடாரைப் பாய்மரத்தில் ஏற்றுவதா, படகின் பின்புறத்தில் தனிக் கம்பம் நட்டு அதன்மேல் வைப்பதா என்று முடிவு செய்யாமல் ஒரு குழாயைக்கூட வெட்ட முடியாது என்பது தெரிந்தது.

உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு உயரம் என்றாலே ஆதாயம் என்று தோன்றும். ரேடாருக்கு அது பாதிதான் உண்மை. ஆன்டெனாவின் உயரம், எதிர்ப்படும் பொருளின் உயரம் ஆகிய இரண்டையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கூட்டி 2.2-ஆல் பெருக்கினால் ரேடாரின் அடிவானம் கடல் மைலில் ஏறக்குறையக் கிடைக்கும். 25 மீட்டர் உயரமுள்ள சரக்குக் கப்பல், பாய்மரத்தில் 9 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரேடாருக்கு 17.6 கடல் மைலிலும், 4 மீட்டர் பின்கம்பத்தில் இருப்பதற்கு 15.4 கடல் மைலிலும் அடிவானத்துக்கு மேலே வரும். உயரத்தை இரு மடங்குக்கு மேல் கூட்டியும் கிடைப்பது சுமார் 4 கிலோமீட்டர்தான். கேரளக் கரையோரம் இரவில் அஞ்ச வேண்டியது தொலைவில் வரும் கப்பலைவிட, விளக்கு மங்கலாக எரியும் சிறு மீன்பிடிப் படகையே. ஃபைபர் படகின் எதிரொலி வலுவற்றது என்பதால், அது ஓரிரு கடல் மைலுக்குள் வந்தால்தான் பெரும்பாலும் திரையில் தெரியும். அங்கே அடிவானக் கணக்குக்கே வேலையில்லை.

அண்மைப் பார்வையில் தாழ்வான இடமே மேல். சிறு ரேடாரின் கதிர் மேலும் கீழுமாக ஏறத்தாழ 25 பாகை விரிவது. அதன் கீழ்விளிம்பு நீரைத் தொடுவது பின்கம்பத்திலிருந்து 18 மீட்டரிலும், பாய்மரத்திலிருந்து 40 மீட்டரிலும். அலைகளின் எதிரொலி திரையை நிறைக்கும் தொல்லையும் உயரம் கூடக் கூடத்தான் பரவுகிறது.

வரைபடத்தைப் பார்த்த எங்கள் வெல்டர், "பாய் திரும்புறப்ப இது மேல உரசாதுங்களா?" என்று கேட்டார். சரியான கேள்வி. முன்பாய் பெரிதாக இருந்தால், படகு காற்றை மாற்றிப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அது பாய்மரத்து டோமில், அதாவது ரேடார் ஆன்டெனாவை மூடியிருக்கும் வட்டக் கூட்டில், இழுபட்டுப் போகும். கொச்சியில் வேறொரு படகில் நான் பார்த்த டோமின் முன்விளிம்பில் பெயின்ட் தேய்ந்து சாம்பல் நிறக் கோடு விழுந்திருந்தது. பாயிலும் அதே மட்டத்தில் தையல் பிரிந்திருந்தது. காப்பு வளையம் போடலாம், ஆனால் அதுவும் எடைதான். 6 கிலோ டோம் 9 மீட்டர் உயரத்தில் இருந்தால், படகைச் சாய்க்கும் அதன் திருப்புவிசை 4 மீட்டரில் இருப்பதைப்போல் இரண்டே கால் மடங்கு.

சாய்வுதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. படகு 20 பாகை சாய்ந்து ஓடும்போது, காற்று வரும் பக்கத்தில் கதிரின் கீழ்விளிம்பு அடிவானத்துக்கு 7.5 பாகை மேலே எழும்பிவிடும். மறுபக்கம் மேல்விளிம்பே அதே அளவு கீழே இறங்கி நீரைப் பார்க்கும். விளிம்புக்கு அப்பாலும் சிறிது ஆற்றல் பரவுவதால் பெரிய கப்பல் தப்பாது என்றாலும், சிறு படகு தவறிப்போகும். ஊசலாடித் தானே மட்டம் காக்கும் தாங்கி இரண்டு இடங்களுக்கும் கிடைக்கிறது. ஆனால் அதன் அச்சில் உப்பு படிந்து இறுகினால், பின்கம்பத்தில் நின்ற இடத்திலிருந்தே கழுவி எடுக்கலாம். பாய்மரத்தில் ஆளை ஏற்றியாக வேண்டும்.

பின்கம்பத்துக்கும் குறைகள் உண்டு. முன்னால் நிற்கும் பாய்மரம், படகு போகும் திசையிலேயே ஒரு மெல்லிய நிழலை விழச் செய்யும். கம்பத்தைச் சற்று ஒரு பக்கமாக நட்டால் நிழல் நேர்முன்னிலிருந்து விலகும். கதிர் தளத்தில் நிற்பவரின் தலைக்கு மேலே செல்லும் உயரமும் வேண்டும். இரண்டு மரமுள்ள படகென்றால் பின்மரத்திலேயே பொருத்திவிடலாம், இத்தனை விவாதம் வேண்டாம்.

நாங்கள் பின்கம்பத்தையே தேர்ந்தோம். மாலிப்டினம் கலந்த எஸ்.எஸ். ரகமான 316 என்று சொல்லி விற்கப்பட்ட குழாயில் மாலிப்டினம் சோதனைக் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தபோது நிறம் மாறவில்லை, அது மாலிப்டினம் கலக்காத 304 ரகம். உள்ளூரில் எத்தனையோ ஆண்டு தாங்கும் 304, கடல் உப்பில் விரைவிலேயே பழுப்புக் கறை காட்டும் என்பதால் அதைத் திருப்பி அனுப்பினோம். மாற்றி வந்த குழாயில் ஆர்கான் வெல்டிங் முடித்து, கம்பத்தின் நடுவே இரண்டு சாய்வுத் தாங்கிகளை இரு திசைகளில் கொடுத்தோம். ஒற்றைக் கம்பமாக நிறுத்தினால் அலைக்கு அலை அதிர்ந்து அடித்தகட்டின் வெல்டிங்கில்தான் முதலில் விரிசல் விடும்.